கடலூர் அஞ்சலையம்மையார்

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட நம் நாட்டகத்தே பழம்பெருமை பேசுதற்குப் பஞ்சம் இல்லை. தில்லையம்பலத்தே முடிசூடும் உரிமை தமக்கு உண்டென்னும் மரபினையுடைய பிச்சாவரம் பாளையத்தார் வாழ்ந்த மண் இது. சோழர் வழியினர் என்று அவர்கள் தம்மைக் கூறிக்கொள்வதும், அதனை நம் குலத்தார் மணப்பந்தரிலும் சங்க மேடையிலும் எடுத்தோதி மகிழ்வதும் நாம் இளமை தொட்டுக் கேட்டு வளர்ந்தனவே. அதன்கண் குறையொன்றும் காண்கிலேம். எனினும், முடியும் இன்றிப் பாளையமும் இன்றி, இருந்த நிலத்தையும் வீட்டையும் விற்றுச் செலவிட்டுச் சிறைக் கதவின் வழியே சட்டமன்றம் புகுந்த பெண்மணி ஒருவர் இந்நாட்டில் தோன்றி, நம் பிச்சாவரத்தினின்று ஒரு காத வழிக்குள் அடங்கும் சி. முட்லூரில் தம் இறுதிக் காலத்தைக் கழித்தார் என்பதனை நம்மவருள் எத்துணைப் பேர் அறிவர்? அறிந்தாருள்ளும் பலர் அவர் பெயரளவில் அறிந்தாரேயன்றி, அவர் செய்தன இவை என்று கோவைப்படக் கூறவல்லார் மிகச் சிலரே. அக்குறை நீங்குமாறு கடலூர் அஞ்சலையம்மையாரின் வரலாற்றை ஈண்டு இயன்ற அளவிற் கூறப் புகுகின்றாம்.

அம்மையார் 1890-ஆம் ஆண்டு கடலூர் முதுநகரில் எளிய குடும்பமொன்றிற் பிறந்தார். அஞ்சலை என்பது நம் வட்டாரத்து ஊர்தோறும் வழங்கும் பெயர். சிறு தெய்வத்தின் பெயருமாம். பட்டணத்திற்குப் படிக்கச் சென்ற பெண்கள் சிலர் இப்பெயரைப் பட்டிக்காட்டுப் பெயரென்று நாணி மாற்றிக்கொண்டதும் உண்டு. தமிழிலக்கணம் பயின்ற நமக்கோ அப்பெயர் வேறொன்றனைச் சொல்லும். நீ அஞ்சுகின்றாய் அல்லை என்று முன்னின்றாரை நோக்கிக் கூறும் எதிர்மறை வினையாகவும் அச்சொல் நிற்கும். பெற்றோர் அதனைக் கருதி இட்டனர் என்று நாம் கூறவில்லை. பெயர் பொருந்திற்று என்று மட்டும் கூறி மேற்செல்வோம். கற்ற கல்வி ஐந்தாம் வகுப்பளவினது. மணந்துகொண்டவர் முருகப்பர் என்பார். மனைவி சிறை சென்றால் மானம் போயிற்றென்று கருதும் ஆடவர் மலிந்திருந்த அக்காலத்தே, அவரும் உடன் சிறை புகுந்தார் என்பதொன்றே அவர்தம் பண்பினைக் காட்டப் போதும்.

அம்மையார் பிறந்த ஊரின் இயல்பையும் சிறிது கூறல் வேண்டும். கடலூர் ஆங்கிலேயர் வரலாற்றில் சென்னைக்கு அடுத்தபடி வைத்து எண்ணப்படும் ஊர். 1690-ஆம் ஆண்டு மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கும்பினியார் விலைக்கு வாங்கியபோது, கோட்டையினின்று பீரங்கி சுட்டு, குண்டு விழும் தொலைவு வரையுள்ள நிலமெல்லாம் தமதென்று எல்லை வகுத்துக்கொண்டனர். குண்டு விழுந்த ஊர்கள் குண்டுக் கிராமங்கள் எனப் பெயர் பெற்றன. உழுதவனையும் குடியிருந்தவனையும் ஒரு சொல்லும் கேளாமல், பீரங்கிக் குண்டு எங்கு விழுகின்றதோ அதுவே எல்லை எனத் துணிந்த ஆட்சி எத்தகையது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. 1746 முதல் 1752 வரை ஆங்கிலேயர் தம் தென்னாட்டுத் தலைமை இடமாக அக்கோட்டையையே கொண்டிருந்தனர். பிற்காலத்தே புதுவையினின்று வெளிப்போந்த பாரதியார் கைதாகி 1918-ஆம் ஆண்டின் இறுதியில் சின்னாட்கள் அடைபட்டிருந்ததும் கடலூர்ச் சிறையிலேயாம். அயலார் ஆட்சி காலூன்றிய அவ்வூரிலேயே அதனை எதிர்த்து நின்ற பெண்ணும் தோன்றினார்.

காந்தியடிகள் தொடங்கிய ஒத்துழையாமை இயக்கத்தில் அஞ்சலையம்மையார் 1921-ஆம் ஆண்டளவில் ஈடுபட்டார். அப்பொழுது அவருக்கு அகவை முப்பத்தொன்று. தென்னாட்டில் அவ்வியக்கத்தின்கண் முன்வந்து நின்ற பெண்பாலார் விரல்விட்டு எண்ணத் தக்கோரே. அவருள்ளும் செல்வர் மனையில் தோன்றி ஆங்கிலம் பயின்று, கணவரோ தந்தையாரோ வழக்கறிஞராக இருக்கப்பெற்றோர் சிலர் உளர். அவர்தம் தொண்டினை நாம் சிறுமைப்படுத்துகிலேம். ஆயினும் அவர்கட்கு வீழ்ந்தால் தாங்குதற்குப் பஞ்சணை ஒன்று கீழே விரிக்கப்பட்டிருந்தது. கடலூர் முதுநகரத்து எளிய குடும்பத்துப் பெண்ணுக்கு அத்தகைய தாங்கல் யாது? குடும்பத்துக்கு இருந்த நிலங்களையும் வீட்டையும் விற்று அப்பொருளை விடுதலைப் போராட்டத்திற்கே அம்மையார் செலவிட்டார். நிலத்தின் அருமையை நம் குலத்தாருக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. ஒரு காணி நிலத்தின் வரப்புக்காக உடன்பிறந்தார் இருவர் மூன்று தலைமுறை வழக்காடும் நாடு இது. அந்நாட்டில் நிலத்தை விற்றுப் பொதுப்பணிக்கு ஈந்தார் என்றால், அச்செய்கையின் எடையை நம்மவர் தாமே தூக்கிப் பார்த்துக்கொள்வர்.

1927-ஆம் ஆண்டில் நீலன் சிலை அறப்போர் நிகழ்ந்தது. நீல் என்பான் சென்னைப் படையினைச் சார்ந்த ஆங்கிலத் தளபதி. 1857-ஆம் ஆண்டு வடநாட்டிற் கிளர்ச்சி எழுந்தபோது அலகாபாத்திலும் கான்பூரிலும் அவன் செய்வித்த கொடுமைகளை ஆங்கிலேய வரலாற்றாசிரியர்களே எழுதி வைத்துள்ளார்கள். வழியில் அகப்பட்டாரை ஆராய்தலின்றி மரக்கிளைகளில் தூக்கிலிட்டதும், கான்பூரிற் பிடிபட்டாரைத் தூக்கிலிடுமுன் குருதிக்கறையை அவர்தம் சமயத்துக்கு இழுக்கு நேருமாறு துடைக்கச் செய்ததும் அவற்றுட் சில. அவ்வாண்டு செப்டம்பர் மாதம் இலக்குமணபுரியில் அவன் குண்டடிபட்டு இறந்தான். ஆங்கிலேயர் அவனை வீரனெனக் கொண்டாடிச் சென்னை மவுண்ட் ரோட்டில் சிலை நாட்டினர். அச்சாலையே இன்று அண்ணாசாலை என வழங்குகின்றது. நம் நாட்டு மக்களைக் கொன்றவனுக்கு நம் நாட்டுத் தலைநகரில், நம் வரிப்பணத்தாற் காக்கப்படும் தெருவில் சிலையா என்று தமிழ் இளைஞர் கொதித்து எழுந்தனர். திருநெல்வேலி சோமயாஜுலு முதலியோர் முன்னின்றனர். ஏணியும் உளியும் சுத்தியும் கொண்டு சென்று சிலையைச் சிதைக்க முயல்வதும், உடனே கைதாவதும், அடுத்த நாள் வேறு சிலர் வந்து அதனையே செய்வதுமாக அப்போர் தொடர்ந்தது.

அப்போரிற் கலந்துகொள்ள அஞ்சலையம்மையாரும் முருகப்பரும் கடலூரினின்று சென்னைக்கு வந்தனர். உடன் தம் மகள் அம்மாக்கண்ணுவையும் அழைத்து வந்தனர். அச்சிறுமிக்கு அப்பொழுது வயது ஒன்பது. பெற்றோர் இருவரும் கைதாகிச் சிறைத் தண்டனை பெற்றனர். சிறுமியும் பிடிபட்டுக் காவலில் வைக்கப்பட்டாள். ஒன்பது வயதுப் பிள்ளையை அத்தகைய இடத்திற்கு அழைத்துச் செல்வது தகுமா என்று வினவுவார் அன்றும் இருந்திருப்பர், இன்றும் உளர். நாள்தோறும் அவ்வயதுப் பிள்ளைகளோடு பழகும் ஆசிரியராகிய நமக்கும் அவ்வினா எழாமற் போகவில்லை. விடை ஒருதலையாகச் சொல்லத் தக்கதன்று. பிள்ளையை வீட்டில் விட்டுச் செல்லலாம் எனின், வீடு விற்கப்படுகின்ற குடும்பத்திற்கு எவ்வீடு? பிள்ளையைக் காட்டி அச்சுறுத்தினால் தாய் பின்வாங்குவாள் என்பதே ஆள்வோர் எக்காலத்தும் எண்ணும் எண்ணம். அவ்வெண்ணத்தை அம்மையார் தொடக்கத்திலேயே பயனில்லாததாக்கிவிட்டார் என்று மட்டும் நமக்குத் தோன்றுகின்றது.

அவ்வாண்டே சென்னைக்கு வந்த காந்தியடிகள் சிறுமியின் செய்தியறிந்து, அவளைத் தம்முடன் ஆசிரமத்துக்கு அழைத்துச் சென்றார். லீலாவதி என்று வேறு பெயரும் இட்டார். அம்மாக்கண்ணு என்னும் நல்ல தமிழ்ப்பெயர் மறைந்ததில் தமிழ்ப் பண்டிதர் என்ற முறையில் நமக்குச் சிறிது வருத்தம் உண்டு. அதனை இவ்வளவில் நிறுத்துவோம். அவ்வம்மையார் பின்னாளில் தாமும் விடுதலைத் தொண்டிலே ஈடுபட்டு, மார்க்சு இயற்றிய மூலதனத்தைத் தமிழாக்கிய தியாகி ஜமதக்னியை மணந்தார்.

1930-ஆம் ஆண்டு உப்புப் போர். கடற்கரை வாழ்நராகிய நம்மவர்க்கு அப்போரின் பொருள் விளக்கமின்றியே விளங்கும். அலை ஒதுக்கிய உவர்மண்ணில் வெயில் காய உப்பு தானே பூத்துக் கிடக்கும். அதனை ஒரு பிடி அள்ளுதல் குற்றம் என்று சட்டம் செய்திருந்தனர். அம்மையார் அப்போரிற் புகுந்து கடுமையான அடி பட்டார். 1931-இல் அகில இந்திய மாதர் காங்கிரசுக் கூட்டத்திற்குத் தலைமை தாங்கும் நிலைக்கு உயர்ந்தார். ஐந்தாம் வகுப்புப் படிப்பினர் பல மொழியினரும் பல பட்டம் பெற்றாரும் கூடிய அவைக்குத் தலைமை தாங்கினார் என்பதனை நம் பெண்மக்கள் மனங்கொள்ளல் தகும்.

அடுத்த ஆண்டு நிகழ்ந்தது அம்மையாரின் வரலாற்றுள் நெஞ்சை உருக்கும் பகுதி. 1932-இல் அவர் வேலூர்ச் சிறைக்கு அனுப்பப்பட்டபோது கருவுற்றிருந்தார். மகப்பேற்றுக் காலம் நெருங்கியதும் சிறையார் அவரைப் பிணையில் வெளியே விடுத்தனர். ஆண்மகவு பிறந்தது. பிறந்து இரண்டு வாரம் கழியுமுன்னரே அம்மையார் மீண்டும் வேலூர்ச் சிறைக்கு அனுப்பப்பட்டார். நம் வீடுகளில் பிள்ளை பெற்ற பெண்ணைக் காற்றுப் படாமற் காத்து, காயமருந்து கொடுத்து, தண்ணீரைக் கூடத் தொடவிடாமல் வைத்துக்கொள்ளும் நாட்கள் அவை. அந்நாட்களில் அவர் பச்சைக் குழவியோடு சிறைச்சுவருக்குள் இருந்தார். அக்குழவிக்கு ஜெயில் வீரன் என்று பெயர் வாய்த்தது. பின்னர் அதுவே ஜெயவீரன் எனத் திரிந்து வழங்கிற்று. மகவுக்குக் குலதெய்வத்தின் பெயரிடுவது நம் வழக்கம். சிறைச்சாலையின் பெயரை மகவுக்கு இட்டு அதனை இழிவன்று, உயர்வே என நிறுவிய தாய் தந்தையரை நாம் வேறெங்கும் கேட்டதில்லை.

காந்தியடிகள் கடலூருக்கு வந்த காலத்து நிகழ்ந்த ஒன்று இன்றும் முதுநகரத்தில் வாய்வழிச் செய்தியாக வழங்குகின்றது. அடிகள் அஞ்சலையம்மையாரைச் சந்தித்தல் ஆகாதென்று ஆள்வோர் தடை விதித்திருந்தனர். அம்மையார் முகமதியப் பெண்டிர் அணியும் பர்தா அணிந்து, குதிரை வண்டியில் ஏறி, காவலர் கண்முன்னே சென்று அடிகளைக் கண்டு மீண்டார். அவர்தம் துணிவைக் கண்டு வியந்த காந்தியடிகள் அவரைத் தென்னாட்டு ஜான்சி ராணி எனப் போற்றினார். அப்பெயரே அவர்க்கு நிலைத்தது. பெண்ணை அடக்கி வைப்பதற்கென்று உலகம் கருதிய திரையையே அடக்குமுறையை வெல்லும் கருவியாகக் கொண்ட அறிவு நுட்பத்தை நாம் அவ்வொப்புமையினும் மேலாக மதிக்கின்றாம். ஜான்சியின் இராணிக்கு அரண்மனையும் படையும் இருந்தன. நம் அம்மையாருக்கு இருந்தது வாடகைக் குதிரை வண்டி ஒன்றே.

இனி அவர் சட்டமன்றம் புகுந்த வரலாற்றைக் கூறுவாம். அதற்குமுன் சென்னை மாகாணத்தில் பெண்டிர்க்கு அவ்வாயில் எங்ஙனம் திறந்தது என்பதனை அறிதல் நன்று. 1921-இல் பெண்பாலார்க்கு வாக்குரிமை கிடைத்தது. ஆயின் சொத்தும் வரியும் உடையார்க்கே அவ்வுரிமை. ஆகவே நூற்றுக்கு ஒருவரிருவர்க்கும் எட்டுதல் அரிதாயிற்று. மன்றத்தில் உறுப்பினராக அமரும் உரிமை 1926-இல் வந்தது. அவ்வாண்டில் நியமனம் பெற்றுச் சட்டமன்றம் புகுந்தவர் புதுக்கோட்டையிற் பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி அம்மையார். ஆங்கிலேயர் நேரே ஆண்ட இந்தியப் பகுதியில் சட்டமன்றம் புகுந்த முதற் பெண்மணி அவரே. துணைத்தலைவர் பதவியும் வகித்தார். கோயில்களிற் பெண்களைப் பொட்டுக் கட்டி விடும் வழக்கை ஒழிக்க முயன்றார். 1930-இல் காந்தியடிகள் சிறைப்பட்டபோது பதவியைத் துறந்து வெளியேறினார். அவர்தம் வரலாறு நாடறிந்தது. தம் வாழ்க்கையைத் தாமே எழுதியும் வைத்தார். அவர் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் ஒளவை இல்லமும் அவர் பெயரை நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. 1968-இல் அவர் மறைந்தார்.

அஞ்சலையம்மையார் சென்ற வழி வேறு. 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசியற் சட்டம் வாக்காளர் தொகையைப் பெருக்கிற்று. சென்னைக் கீழவையின் 215 இடங்களுள் 8 இடங்களைப் பெண்பாலார்க்கு ஒதுக்கிற்று. அவற்றுள் ஒன்று கடலூர்த் தொகுதி. 1937-ஆம் ஆண்டு நிகழ்ந்த தேர்தலில் காங்கிரசுக் கட்சியின் சார்பில் நின்று அம்மையார் வெற்றி பெற்றார். யாரும் நியமிக்கவில்லை, மக்களே வாக்களித்து அனுப்பினர். வாக்குரிமை பெரும்பாலும் நிலமும் வரியும் உடையார் கையில் இருந்த காலத்தில், நிலத்தை விற்றுவிட்ட பெண்ணை அவ்வாக்காளரே தம் உறுப்பினராகத் தேர்ந்தனர் என்பது நினைக்குந்தோறும் வியப்பளிப்பது.

அத்தேர்தலிற் காங்கிரசு 159 இடங்களைக் கைப்பற்றிற்று. சூலை மாதத்தில் இராசகோபாலாச்சாரியார் தலைமையில் அமைச்சரவை அமைந்தது. ருக்மிணி லட்சுமிபதி அம்மையார் அவையின் துணைத்தலைவரானார். அவ்வாண்டிலேயே நீலன் சிலை மவுண்ட் ரோட்டினின்று அகற்றப்பட்டது. இப்பொழுது அது சென்னை அரும்பொருட்காட்சிச் சாலையிற் கிடக்கின்றது. பத்தாண்டுகட்கு முன் எச்சிலையை உடைக்கப் போனதற்காகக் கணவனோடும் பெற்ற மகளோடும் பிடிபட்டாரோ, அச்சிலை சட்டப்படி பெயர்க்கப்பட்ட ஆண்டில் அம்மையார் அந்நாட்டின் சட்டமன்ற உறுப்பினர். உளியாலும் சுத்தியாலும் அசையாதது ஓர் ஆணையால் அசைந்தது. சட்டம் செய்யும் இடத்தில் நம்மவர் இருத்தல் ஏன் வேண்டும் என்று வினவும் மாணவர்க்கு நாம் வகுப்பறையில் இந்நிகழ்ச்சியையே விடையாகக் கூறுவது வழக்கம்.

அவ்வமைச்சரவை செய்தன யாவும் நமக்கு உடன்பாடு என்று கொள்ளற்க. உழவர் கடன் தீர்க்கும் சட்டம் 1938-இல் வந்தது. அஃது அடமானத்திற் சிக்கிய நம் குடியானவர் பலருக்கு மூச்சு விட இடம் தந்தது. அதே ஆண்டிற் பள்ளிகளிற் கட்டாய இந்தியும் வந்தது. தமிழ் கற்று அதனையே கற்பித்துண்ணும் நமக்கு அஃது எந்நாளும் உவப்பன்று. ஆளுங்கட்சியின் உறுப்பினராக அம்மையார் அமர்ந்திருந்த அவை அது என்பதனையும் மறைக்கலாகாது. ஒருவரைப் போற்றுங்கால் அவர் சார்ந்த கட்சி செய்த அனைத்தையும் பூசி மெழுகுதல் வரலாறு எழுதுவார்க்கு அழகன்று.

உலகப்போரில் இந்திய நாட்டைக் கேளாமல் ஈடுபடுத்தியதனைக் கண்டித்து 1939-ஆம் ஆண்டின் இறுதியில் அமைச்சரவை விலகிற்று. பதவிச் சுவை கண்ட பின்னர்ச் சிறைக்கு மீளுதல் எளிதன்று. அம்மையார் மீண்டார். 1940-இல் தொடங்கிய தனிநபர் அறப்போரிலும் அதனைத் தொடர்ந்த போராட்டத்திலும் ஈடுபட்டார். 1946-இல் அவர் மறுபடியும் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலை நாள் வந்தபோது மாகாணத்தை ஆண்ட அவை அதுவேயாம். 1947-இல் ஆலய நுழைவுச் சட்டமும், முத்துலட்சுமி அம்மையார் இருபதாண்டுகட்கு முன் வித்திட்ட பொட்டுக்கட்டு ஒழிப்புச் சட்டமும் அவ்வவையினின்று பிறந்தன. 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியதும் அவ்வவையிலேயாம். பாளையப் பெருமையைப் பேசி மகிழும் நம்மவர் இதனை ஒருமுறை நின்று எண்ணிப் பார்த்தல் நன்று. ஜமீன்முறை ஒழிந்ததனால் உழுத நிலத்துக்குப் பட்டாப் பெற்ற குடும்பங்களும் நம் குலத்திலேயே உள்ளன. அவை எண்ணிக்கையால் மிகப் பலவாம்.

அம்மையார் நம் பகுதிக்கு நேரே செய்த நன்மை ஒன்று உண்டு. பரங்கிப்பேட்டையை அடுத்த தீர்த்தாம்பாளையத்து மக்கள் குடிநீரின்றி வருந்தினர். பெயரளவில் தீர்த்தம்; பருகத் தண்ணீர் இல்லை. கடலை ஒட்டிய நம் ஊர்களின் இயல்பு யாவரும் அறிந்ததே. கிணறு ஆழ்ந்தால் உப்பு. ஆழாவிட்டால் கோடையில் வறட்சி. கழிமுகத்துச் சுரபுன்னைக்கும் தில்லைமரத்துக்கும் உவர்நீர் உகந்தது. மக்களுக்கும் மாடுகளுக்கும் ஆகாது. குடத்தை இடுப்பில் ஏந்திக் காதவழி நடப்பவர் பெண்களே. வரப்புச் சண்டைக்கு ஆடவர் செல்வர். தண்ணீருக்குப் பெண்கள் செல்வர். கொள்ளிடத்தின் கீழணையினின்று வடவாற்று வழியே வந்து வீராணம் ஏரியில் நிறையும் காவிரிநீர் நம் நாட்டின் உயிர்நிலை. அவ்வீராணத்து நீர் பாயும் வாய்க்காலினின்று புதியதொரு கிளை வெட்டுவித்துத் தீர்த்தாம்பாளையத்துக்கு நீர் கொணர்ந்தார் அம்மையார். ஊரார் அதனை அஞ்சலை வாய்க்கால் என்றே அழைத்தனர். அரசாணை இட்ட பெயரன்று. நீர் மொண்டவர் இட்ட பெயர். கல்லில் வெட்டிய பெயரினும் இது நெடிது நிற்கும் என்று நாம் எண்ணுகின்றாம்; ஏனெனில் வாய்க்காலைத் தூர் எடுக்கும்போதெல்லாம் அப்பெயரைச் சொல்லியாதல் வேண்டும்.

இவர் நம் குலத்தவர் என்று நாம் பெருமை கொள்ளுதல் இயல்பே. இவ்விதழைப் படிப்போர் அதனை முதலிற் கேட்கவே விரும்புவர் என்பதனையும் அறிவோம். ஆயினும் அதில் ஒரு வரம்பு வேண்டும். 1952-ஆம் ஆண்டுத் தேர்தலில் நம்மவர் தனிக்கட்சிகள் கண்டு நின்றதும், கடலூர் இராமசாமிப் படையாட்சியார் தலைமையில் உழைப்பாளர் கட்சி 19 இடங்களை வென்றதும், மாணிக்கவேலு நாயகர் கண்ட பொதுநலக் கட்சி வென்றதும், அதனால் நம் குலத்துக்கு அமைச்சரவையில் இடம் கிடைத்ததும் சங்க உறுப்பினர் அனைவரும் அறிந்த வரலாறு. அவ்வெற்றிகளை நாம் குறைத்துரைக்கிலேம். நம் பிள்ளைகளுக்குப் பள்ளியும் பணியும் கிடைத்ததில் அவற்றிற்குப் பங்குண்டு. அஞ்சலையம்மையாரோ குலத்தின் பேரால் எதனையும் கேட்டுப் பெற்றவர் அல்லர். அவர் நீலன் சிலைக்கு முன் நின்றபோது உடன் நின்றவர் பார்ப்பனரும், முகமதியரும், பிறருமாவர். தீர்த்தாம்பாளையத்து வாய்க்காலில் குடம் மொள்ளும் பெண்ணைப் பார்த்து நீ எக்குலம் என்று வாய்க்கால் வினவுவதில்லை. அவரை நம்மவர் என்று உரிமை பாராட்டுவதற்கு உறவு மட்டும் போதாது.

அண்மைக் காலத்தில் அவர் பெயர் மீண்டும் எடுத்தோதப்படுகின்றது. 2024-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் விக்கிரவாண்டியில் முதல் மாநாடு கூட்டிய புதிய கட்சியார், வேலு நாச்சியாரோடு அஞ்சலையம்மையாரையும் தம் வழிகாட்டிகளாக அறிவித்தனர். அதன்பின் ஒரு திங்கள் வரையில் நம் ஊர்த் தெருக்களிலெல்லாம் அவர் படம் தொங்கிற்று. மாற்றுக் கட்சியினரும் விடாமல் படம் வைத்தனர். மழை வந்து அவற்றை நனைத்தது. நம் பள்ளி மாணவியர் சிலர் அப்படத்திலுள்ள பாட்டி யார் என்று நம்மை வினவினர். அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து. எக்கட்சி எடுத்தோதினும் நன்றே. கட்சிக்காரர் படம் வைப்பர். அவர் வாழ்ந்த வாழ்வைப் பிள்ளைகட்குச் சொல்லும் கடமை நம்முடையதாகும்.

அம்மையார் தம் முதுமையில் மூத்த மகனார் காந்தி என்பவர் பயிர்த்தொழில் செய்துவந்த சி. முட்லூரில் வாழ்ந்தார். மகனுக்கு இட்ட பெயரையும் நோக்குக. சட்டமன்றம் சென்றவர், மாளிகையும் மகிழுந்தும் தேடாமல், வயல்வெளி நடுவே சிற்றூரில் தங்கினார். விற்ற நிலத்தைத் திரும்பப் பெறவும் முயன்றாரல்லர். 1961-ஆம் ஆண்டில் அவர் இயற்கை எய்தினார். இன்று அவ்வூரில் அரசு கலைக் கல்லூரி உள்ளது. பிச்சாவரம், கிள்ளை, பரங்கிப்பேட்டை, புவனகிரி ஆகிய பக்கங்களினின்று பெண்பிள்ளைகள் பேருந்திற் சென்று அங்கே பயில்கின்றனர். அவருட் பலர் தம் குடும்பத்திற் கல்லூரி மிதித்த முதற் பெண்கள்.

நம் சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம் உண்டு. ஆண்டுதோறும் தேர்வில் முதன்மை பெறும் பிள்ளைகட்குச் சங்கம் பரிசு வழங்கி வருகின்றது. அப்பரிசுகள் பெரும்பாலும் நம் முன்னோராகிய ஆடவர் பெயரால் அமைந்துள்ளன. வருமாண்டு முதல் ஒரு பரிசேனும் அஞ்சலையம்மையார் பெயரால் அமைதல் வேண்டும். அதனை வெள்ளிக் கிண்ணமாகவோ பொன்னாடையாகவோ வழங்காமல், கல்லூரிக் கட்டணமும் பேருந்துச் செலவும் புத்தகச் செலவுமாக, மூன்றாண்டும் முட்டின்றி நடக்கத் தக்க தொகையாக வழங்குதல் வேண்டும். நம் கடற்கரை ஊர்களில் இடைநடுவே படிப்பை நிறுத்தும் நிலையிலுள்ள பெண்பிள்ளை ஒருத்திக்கு அது சேர்தல் நலம். அப்பிள்ளை நம் குலத்தவளாகவே இருத்தல் வேண்டும் என்னும் விதியை இப்பரிசு ஒன்றற்கேனும் தளர்த்துமாறு கேட்டுக்கொள்கின்றாம். கிள்ளையின் மீனவர் குப்பத்துப் பெண்ணோ, ஆதிதிராவிடர் தெருவின் பெண்ணோ தகுதி உடையவளாயின் அவளுக்கே வழங்குக. முதலாண்டுப் பரிசுத் தொகைக்கு நம் ஒரு திங்கள் ஊதியத்தில் நாலில் ஒரு கூறு அளிக்க இசைந்துள்ளோம். சங்கச் செயலாளர் அடுத்த பொதுக்குழுவில் இதனை முன்வைத்து ஆராய்வாராக.